ஷட்டர் இறங்கிய கடையும் 1,205 ரூபாயும்: நின்றுபோன ஒரு மிஸ்டரி ஆடிட் பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடிந்த ஒரு கூலிப் பிரச்சினையின் பதிவு இது. சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் பெயரோ, ஏஜென்சியின் பெயரோ, கடைகளின் பெயரோ இதில் இல்லை. தொகைகளையும் நேரங்களையும் அவருடைய போனில் இருந்த செய்திகளையும் மடல்களையும் பார்த்தே எழுதியிருக்கிறேன்.

## பின்னணி

மிஸ்டரி ஆடிட் என்பது வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய் வரும் வேலை. விற்பனையாளர் எப்படிப் பேசினார், சலுகையைச் சொன்னாரா, பில் சரியாகப் போட்டார்களா என்றெல்லாம் கவனித்து, வெளியே வந்து கேள்வித்தாளை நிரப்பித் தர வேண்டும். கடை நடத்தும் பிராண்டு, அதாவது க்ளையன்ட், இதை ஓர் ஏஜென்சியிடம் ஒப்படைக்கும். ஏஜென்சி ஊர் ஊராக ஆள் பிடித்து அனுப்பும். போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, விசிட்டுக்கு இவ்வளவு என்று கூலிதான். பொருள் வாங்கச் சொல்லியிருந்தால் பில் தொகை தனியாகத் திரும்ப வரும்.

இவருக்கு வயது 33. மதுரைக்காரர், பி.காம். படித்தவர், பள்ளிக்குப் போகும் மகன் இருக்கிறான். பையன் பள்ளியில் இருக்கும் நேரத்துக்குள் முடிகிற வேலை என்பதால் இரண்டு வருடமாக இதைச் செய்துவந்தார். பெரும்பாலும் மதுரைக்குள்ளேயே மாட்டுத்தாவணி, கே.கே. நகர், பைபாஸ் ரோடு என்று போய்வருவார். இந்த ஏஜென்சிக்கு அதற்கு முன் பதினொரு விசிட் முடித்திருந்தார், எல்லாவற்றுக்கும் பணம் வந்திருந்தது. முன்பணம் கட்டச் சொல்லி ஏமாற்றும் போலி 'மிஸ்டரி ஷாப்பிங்' கும்பல்கள் உண்டு. இந்த ஏஜென்சி அந்த ரகமில்லை. ஒழுங்காக இயங்கும் நிறுவனத்திடமும் இப்படி நடக்கும் என்பதால்தான் எழுதத் தோன்றியது.

நான் வேறொரு ஏஜென்சியில் ஆறு வருடம் இப்படிக் கடைக்குப் போய்வரும் ஆடிட்டராகவும், பிறகு மூன்று வருடம் ஆடிட்டர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கோ-ஆர்டினேட்டராகவும் இருந்தவள். அவர் என்னிடம் வந்ததற்கு அதுதான் காரணம்.

## வேலையை ஒப்புக்கொண்ட விதம்

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. ஏஜென்சியின் வாட்ஸ்அப் குழுவில், தேனியில் இரண்டு கடை இருக்கிறது, யார் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒன்று மொபைல் போன் கடை, விசாரித்துவிட்டு வந்தால் போதும், கூலி 350. இன்னொன்று ரெடிமேட் துணிக்கடை. ஆடித் தள்ளுபடி நேரம் என்பதால் சலுகைப் பலகை, விற்பனையாளர் பேச்சு, பில் கவுன்டர் மூன்றையும் பார்க்க வேண்டும், 500 ரூபாய்க்குள் ஏதாவது வாங்கவும் வேண்டும். கூலி 400, பில் தொகை தனி.

தேனிக்குப் போய்வரவே பாதி நாள் ஆகிவிடும் என்பதால் இவர் தயங்கினார். அன்று மாலை கோ-ஆர்டினேட்டர் போனில் கூப்பிட்டார்.

"தேனி தூரம்னு தெரியும் மேடம். ரெண்டுக்கும் சேர்த்து எக்ஸ்ட்ரா 150 போட்டுத் தர்றேன், போயிட்டு வந்துருங்க."

"சரி சார், போறேன்."

இந்த 150 பற்றிய பேச்சு போனோடு நின்றது. மறுநாள் மடலில் வந்த வேலைக் கடிதத்தில் அது இல்லை. 350, 400, பில் வரம்பு 500, ஆகஸ்ட் 7 முதல் 10-க்குள் போக வேண்டும், விசிட் முடிந்து 12 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட்டை ஏஜென்சியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், பயணச் செலவு கூலியில் அடக்கம் என்றெல்லாம் இருந்தது. 'முழுமையடையாத விசிட்டுக்குப் பணம் இல்லை' என்று ஒரு வரியும் இருந்தது. கடை மூடியிருந்தால் போட்டோ எடுத்து உடனே கோ-ஆர்டினேட்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொன்ன கடிதம், அப்போது கூலி என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

## ஆகஸ்ட் 8, வியாழன்

காலை 8:40-க்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினார். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ரூட் பஸ்ஸில் உண்டு. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனியில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. டிக்கெட்டை இறங்கியதுமே போட்டோ எடுத்துக்கொண்டார். மெஷினில் அடித்துத் தரும் அந்தத் தாள் பர்ஸுக்குள் கிடந்து சில வாரத்தில் வெளுத்துப்போகும் என்பது அவருக்கு அனுபவம்.

11:32-க்கு மொபைல் கடை வாசலில் நின்றார். ஷட்டர் இறங்கியிருந்தது. நடுவில் ஒரு ஏ4 தாள் ஒட்டி, 'கடை மாற்றப்படுகிறது, விரைவில் புதிய இடத்தில்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்கள். மேலே பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. அடுத்த நான்கு நிமிடத்தில் அவர் செய்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், பிறகு கிடைத்த பணமெல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

இடமும் நேரமும் படத்திலேயே பதியும் ஜிபிஎஸ் மேப் கேமராவில் மூன்று படம் எடுத்தார். ஒன்று, ஒட்டியிருந்த தாள் படிக்கும்படி பக்கத்தில் நின்று. இரண்டாவது, ஷட்டரும் பெயர்ப்பலகையும் சேர்ந்து தெரியும்படி. மூன்றாவது சாலைக்கு எதிர்ப்புறம் போய், இரண்டு பக்கத்துக் கடைகளின் பலகையும் விழும்படி. மூன்றாவது படம் இல்லையென்றால், வேறு கிளையின் ஷட்டர் என்று யாரும் சொல்லிவிடலாம்.

பக்கத்து டீக்கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே, போன் வாங்க வந்தவர் போலவே கேட்டார். "நாலு நாளாச்சும்மா சாத்தி. கம்பம் ரோட்டுப் பக்கம் போறாங்கன்னு பேச்சு, இன்னும் தொறக்கல" என்றார் கடைக்காரர். தான் ஆடிட்டர் என்பதை எங்கும் காட்டவில்லை. யாரிடமும் காட்டிக்கொள்ளமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் இந்த வேலைக்கு வருகிறார்கள், கடை மூடியிருந்தாலும் அந்த ஒப்புதல் அவரைக் கட்டும்.

11:36-க்கும் 11:41-க்கும் கோ-ஆர்டினேட்டருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. 11:44-க்குப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 11:52-க்கு இன்னொரு செய்தி: 'சார், புது இடம் திறந்திருந்தா அட்ரஸ் அனுப்புங்க, இல்ல பக்கத்துல வேற கிளை இருந்தா சொல்லுங்க. 12:30 வரைக்கும் இங்கேயே இருக்கேன்.' பதில் இல்லை. 12:30 வரை காத்திருந்துவிட்டு நகர்ந்தார்.

துணிக்கடை விசிட் ஒழுங்காக நடந்தது. 12:40-க்கு உள்ளே போய் 1:25-க்கு வெளியே வந்தார். 480 ரூபாய்க்கு ஒரு அரைக்கைச் சட்டை எடுத்தார், பில்லில் நேரம் 1:21.

திரும்பும் பஸ் உசிலம்பட்டியை நெருங்கும்போது, மதியம் 3:12-க்கு, குழுவில் செய்தி வந்தது. க்ளையன்ட் துணிக்கடை ப்ராஜெக்டை நிறுத்தி வைத்துவிட்டார், இனி யாரும் போக வேண்டாம் என்று. எட்டு நிமிடம் கழித்து கோ-ஆர்டினேட்டரிடமிருந்து தனியாக ஒரு வரி: 'மொபைல் கடை மூடியிருப்பது குறித்துக்கொண்டேன் மேடம்.'

இரவு 9:15-க்கு ரிப்போர்ட்டை ஏற்றப் போனால் தளம் திறக்கவில்லை, ப்ராஜெக்ட் செயல்பாட்டில் இல்லை என்றது. அங்கேயே விட்டிருந்தால் 'ரிப்போர்ட் வரவில்லை' என்ற பதில் அவர்களுக்குத் தயாராக இருந்திருக்கும். அவர் விடவில்லை. கேள்விகளையெல்லாம் வேர்டு கோப்பில் தட்டச்சு செய்து, பதில்களையும் பில் படத்தையும் தளம் காட்டிய பிழைச் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து 10:02-க்கு மடலில் அனுப்பினார். கெடு அன்று நள்ளிரவு தாண்டி 1:25 வரை இருந்தது.

## மறுநாள் வந்த பதில்

'நோ விசிட், நோ பேமென்ட் மேடம். துணிக்கடை ப்ராஜெக்ட் கேன்சல் ஆனதால் ரிப்போர்ட் ஏற்க முடியாது. சாரி.'

நான் கோ-ஆர்டினேட்டராக இருந்த மூன்று வருடத்தில் இதே வரியை எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அனுப்பும்போது எதிர்ப்பக்கம் ஒருத்தர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததில்லை. ஒரு மாதத்தில் நூற்றுக்கணக்கான விசிட்டைப் பார்க்கிற இடத்தில், ஒன்று நின்றுபோனால் அது அட்டவணையில் ஒரு சிவப்புக் கட்டம், அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு நாள் இருக்கிறது என்பது இந்த விஷயத்தில் இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது.

## கணக்கைப் பிரித்தது

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தார்.

"480 ரூபாய்க்குச் சட்டையும் வாங்கிட்டு வந்து நிக்கிறேன்க்கா. வீட்டுல 'ஒனக்கு எதுக்கு இந்த வேல'ன்னு கேக்குறாரு. மொத்தம் 1,380 வரணும், ஒத்தப் பைசா விடமாட்டேன்."

"அழுகாதம்மா. மொதல்ல போனக் குடு, என்னென்ன இருக்குன்னு பாப்போம். அப்புறம் எவ்வளவு கேக்குறதுன்னு பேசுவோம்."

அவர் சொன்ன 1,380 என்பது 350, 400, 480, 150 நான்கின் கூட்டு. அதை ஒரே தொகையாகக் கேட்டால் ஒரே பதிலாக 'இல்லை' என்று வரும். நான்கையும் தனித்தனியாக நிறுத்தினால் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தனியாகக் காரணம் சொல்லியாக வேண்டும். இந்த முடிவை முதலில் எடுத்தோம்.

சட்டைப் பணம் 480 அவர்கள் சொல்லி அவர் கைப்பணத்திலிருந்து போட்டது. பேச்சுக்கே இடமில்லை. துணிக்கடைக் கூலி 400-ம் அப்படித்தான். நிறுத்தச் சொன்ன செய்தி 3:12-க்கு, விசிட் முடிந்தது 1:25-க்கு. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருக்கிறது. க்ளையன்ட் பிறகு மனம் மாறியது ஏஜென்சிக்கும் க்ளையன்டுக்கும் நடுவில் உள்ள விஷயம்.

மொபைல் கடையில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. முழு 350 வேண்டும் என்றார் அவர். கடை மூடியிருந்தது அவர் தப்பில்லை, தன் பிராண்டின் கடை நான்கு நாளாக மூடியிருப்பதை க்ளையன்ட் சொல்லவில்லை, ஏஜென்சி கேட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் 350 என்பது போவதற்கும், உள்ளே நின்று கவனிப்பதற்கும், வந்து ரிப்போர்ட் எழுதுவதற்கும் சேர்த்துச் சொன்ன கூலி. போனதும் காத்திருந்ததும் நடந்தது, மற்ற இரண்டும் நடக்கவில்லை. நான் இருந்த ஏஜென்சியில் மூடிய கடைக்கு க்ளையன்டிடம் பாதிக் கட்டணம் வாங்கும் ஒப்பந்தம் இருந்தது, ஆடிட்டருக்கும் பாதி போகும். எல்லா ஏஜென்சியிலும் அப்படி இல்லை, சிலர் எதுவும் தரமாட்டார்கள். பாதி என்பது சட்டம் இல்லை. ஆனால் 'ஏன் பாதி?' என்று கேட்டால் நின்று பதில் சொல்ல முடிகிற தொகை அது. ஒரு டம்ளர் காப்பி முடியும்வரை யோசித்துவிட்டு 175-க்கு ஒத்துக்கொண்டார்.

150-க்கு எழுத்தில் எதுவும் இல்லை. கால் வந்த நேரம் மட்டும் போனில் இருந்தது, என்ன பேசினார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. இருந்தாலும் சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான், கேட்காமல் விட வேண்டாம் என்று சேர்த்தோம். பஸ் செலவைத் தனியாகக் கேட்கவில்லை. கூலியில் அடக்கம் என்று கடிதத்தில் தெளிவாக இருக்கும்போது அதைச் சேர்த்தால் மற்ற நான்கின் நியாயமும் இளைத்துப்போகும்.

ஆக 480, 400, 175, 150. மொத்தம் 1,205.

## அனுப்பிய மடல்

ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை காலை கோ-ஆர்டினேட்டருக்கும், நகலாக வேலைக் கடிதத்தில் இருந்த ப்ராஜெக்ட் மேனேஜருக்கும் கணக்குப் பிரிவுக்கும் அனுப்பினார். கோ-ஆர்டினேட்டரைத் தாண்டிப் போனால் அடுத்த வேலை வராது என்ற பயம் அவருக்கு இருந்தது. நியாயமான பயம்தான். ஆனால் பணம் கொடுக்கும் அதிகாரம் கோ-ஆர்டினேட்டரிடம் இருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்லாமல், அவர் குறித்துக்கொண்டதாக 3:20-க்கு அனுப்பிய செய்தியையே ஆதாரமாக வைத்து எழுதினோம். அதனால் மடல் அவருக்கு எதிராகவும் படவில்லை.

மடல் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. மேலே வேலையின் எண், தேதி, ஊர். அடுத்து நேர வாரியாக நடந்தவை, ஒவ்வொன்றும் ஒரு வரி. அதற்குக் கீழே நான்கு தொகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியக் காரணம். கடைசியில், ஏற்கும் தொகை எது, ஏற்காதது எது, ஏற்காததற்குக் காரணம் என்ன என்று ஏழு நாளில் எழுத்தில் தெரிவியுங்கள் என்ற கோரிக்கை. மன உளைச்சல், வீட்டில் வாங்கிய பேச்சு, இரண்டு வருட உழைப்பு எல்லாம் முதல் வரைவில் இருந்தன. அவர் கையாலேயே எடுத்துவிட்டார். எடுக்கும்போது அவருக்கு வலித்தது, எனக்கும்தான்.

படங்களை மடலில் மூலக் கோப்பாகவே இணைத்தோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போகும், படத்தின் மேல் தெரியும் எழுத்து தங்கினாலும் கோப்புக்குள் பதிந்திருக்கும் இட, நேர விவரம் போய்விடும். கோப்புகளின் பெயரையே '11-32 ஷட்டர்', '13-21 பில்', '21-15 தளம் திறக்கவில்லை' என்று மாற்றி வைத்தார். பிரித்துப் பார்க்காதவருக்கும் பெயர் வரிசையே கதையைச் சொல்லிவிடும்.

## வந்த பதில்களும் அடுத்த முடிவுகளும்

ஆகஸ்ட் 14-ம் தேதி கோ-ஆர்டினேட்டர் எழுதினார். நல்லெண்ணத்தின் பேரில் சட்டைப் பணம் 480 மட்டும் தருகிறோம், இத்தோடு கணக்கு முடிந்தது என்று உறுதிசெய்து பதில் அனுப்புங்கள் என்று.

"வந்த வரைக்கும் லாபம்னு வாங்கிக்கிரட்டுமாக்கா?" என்று கேட்டார். வாங்கிக்கொள், ஆனால் அந்த உறுதியை எழுதாதே என்றேன். கணக்கு முடிந்தது என்று அவர் கையாலேயே எழுதிவிட்டால் பிறகு 400 பற்றிப் பேச இடமிருக்காது. '480-ஐ பில் கணக்கில் ஏற்கிறேன். மற்ற மூன்று தொகைக்கும் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்று இரண்டு வரி மட்டும் போனது.

ஒரு வாரம் சத்தமில்லை. ஆகஸ்ட் 21-ம் தேதி இரண்டாவது மடல். இதில் மட்டும் சட்டத்தை ஒரே ஒரு இடத்தில் தொட்டோம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 67-வது பிரிவு, வேலை வாங்குகிறவர் அந்த வேலையைச் செய்வதற்கு நியாயமாகத் தர வேண்டிய வசதியைத் தரத் தவறினால், அதனால் செய்யமுடியாமல் போனதற்குச் செய்கிறவர் பொறுப்பில்லை என்கிறது. ரிப்போர்ட் தளத்தில் ஏறவில்லை என்பது அவர்களுடைய முக்கியமான வாதம். தளத்தை மூடியது அவர்கள். அந்தப் பிரிவு இந்த ஓட்டையை அடைப்பதற்கு அளவெடுத்தது போல இருந்தது. மூடிய கடைக்கு அதை இழுத்துப் பொருத்தப் பார்க்கவில்லை, அங்கே எங்கள் பக்கம் வழக்கமும் நியாயமும்தான்.

இதற்கு மேல் போக வேண்டி வந்தால் எங்கே போவது என்பதையும் அந்த வாரம் விசாரித்து வைத்தோம். நுகர்வோர் நீதிமன்றம் ஆகாது, இவர் நுகர்வோர் இல்லை, வேலை செய்தவர். நிறுவனத்தின் ஊழியரும் இல்லை என்பதால் தொழிலாளர் துறைக்குப் போவதும் எளிதில்லை. செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் வரை கால அவகாசம் உண்டு, ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு வழக்கு என்பது நடைமுறையில் யாரும் செய்யாதது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசவைப்பார்கள். 1987-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இதை மடலில் எழுத வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மிரட்டலாகப் பட்டால் பேச்சு நின்றுபோகும். வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததே அவர் பேச்சில் நடுக்கத்தைக் குறைத்தது.

ஆகஸ்ட் 27-ம் தேதி ப்ராஜெக்ட் மேனேஜரே போனில் கூப்பிட்டார். மரியாதையாகவே பேசினார். துணிக்கடைக் கூலி முழுசாகவும், மொபைல் கடைக்குப் பாதியும் தருகிறோம், 150 பற்றிக் கோ-ஆர்டினேட்டருக்கு ஞாபகம் இல்லை என்கிறார் என்றார். இவர் முன்பே எழுதி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார்: "ரொம்ப நன்றி சார். இதையே ஒரு மெயில்ல போட்டுருங்க சார், என் கணக்குக்கு வேணும்." போன் பேச்சில் ஒருமுறை 150-ஐ இழந்தவர் இரண்டாம் முறை அந்தத் தப்பைச் செய்யவில்லை. மாலையில் மடல் வந்தது. 480, 400, 175, மொத்தம் 1,055.

150-ஐ விட்டுவிட்டார். அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன், மனது ஒப்பவில்லை என்றாலும்.

## கைக்கு வந்தது

பணம் அக்டோபர் 15-ம் தேதி வங்கிக் கணக்கில் ஏறியது. 949 ரூபாய் 50 காசு. முழு 1,055-லும் பத்து சதவீதம் டி.டி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்திருந்தார்கள். கூலியில் பிடிப்பது புரிகிறது, பான் எண்ணின் பேரில், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறிவிட்டால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். ஆனால் 480 கூலி இல்லை, அவர் போட்ட கைப்பணம். அதில் 48 ரூபாய் பிடித்தது தவறு. கணக்குப் பிரிவுக்குப் பில் படத்தோடு மூன்று வரி எழுதினார். நவம்பரில் வந்த அடுத்த பணத்தோடு 48-ம் சேர்ந்து வந்தது.

அவர் செலவழித்தது சட்டைக்கு 480, பஸ்ஸுக்கு 130, சாப்பாட்டுக்கும் டீக்கும் 82. மொத்தம் 692. கைக்கு வந்தது 997 ரூபாய் 50 காசு. மிச்சம் 305 ரூபாய் 50 காசு. ஒரு முழுப் பகலும், ஓர் இரவின் இரண்டு மணி நேரமும், மூன்று மாத மடல் போக்குவரத்தும் அதற்குப் போனது. இந்தக் கணக்கைப் பார்த்து, பேசாமல் விட்டிருக்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. கேட்காமல் இருந்திருந்தால் 692 ரூபாய் அவர் கையிலிருந்து போயிருக்கும் என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த வேலை வராது என்ற பயம் பாதி பலித்தது. செப்டம்பர் முழுக்க அந்த ஏஜென்சியிடமிருந்து ஒரு விசிட்டும் வரவில்லை. அக்டோபரில் மறுபடி கூப்பிட்டார்கள். அந்த இடைவெளிக்கு இந்தத் தகராறுதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

## இன்று செய்வதாக இருந்தால்

முதலில் 150. கோ-ஆர்டினேட்டர் போனை வைத்த அடுத்த நிமிடமே, 'சார், நீங்க சொன்னபடி தேனிக்கு எக்ஸ்ட்ரா 150-ன்னு குறிச்சுக்கிட்டேன்' என்று ஒரு வாட்ஸ்அப் போட்டிருந்தால் போதும். அவர் பதிலே போடாவிட்டாலும் அந்தத் தேதியில் ஒரு பதிவு இருந்திருக்கும். இப்போது அவர் எந்தப் போன் பேச்சுக்குப் பிறகும் இதைச் செய்கிறார்.

அடுத்து, முந்தின நாள் மாலை கடைக்குப் போன் போட்டு, நாளைக்குத் திறந்திருக்குமா என்று வாடிக்கையாளர் போலவே கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்பதைச் சில ப்ராஜெக்டில் அனுமதிக்கமாட்டார்கள், அதனால் முதலில் கோ-ஆர்டினேட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டிருந்தால் தேனிப் பயணமே துணிக்கடைக்கு மட்டும் என்று ஆகியிருக்கும், அல்லது போகாமலே இருந்திருக்கலாம்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன், கடை மூடியிருந்தால் எவ்வளவு, விசிட் முடிந்த பிறகு ப்ராஜெக்ட் நின்றால் எவ்வளவு என்று கேட்பதையும் வழக்கமாக்கிக்கொண்டார். கேட்டால் வேலை போய்விடுமோ என்று முதல் இரண்டு முறை கை நடுங்கியதாகச் சொன்னார். வெளியூர் வேலைக்கு ஆள் கிடைப்பது ஏஜென்சிக்கும் லேசில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்லமுடியும், பதில் சொல்லாத கோ-ஆர்டினேட்டர்கள் குறைவு. கேட்பவர்கள்தான் குறைவாக இருந்தார்கள்.

ஏஜென்சிகள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, நான் செய்யத் தவறியதும் அதுதான். 'முழுமையடையாத விசிட்டுக்குப் பணம் இல்லை' என்ற வரி, ஆடிட்டர் அரைகுறையாகப் பார்த்துவிட்டு வருவதைத் தடுக்க எழுதப்பட்டது. கடையின் குறையும் க்ளையன்டின் மனமாற்றமும் அதே வரிக்குள் வந்து விழுந்துவிடுகின்றன. யாரால் நின்றது என்று பிரித்து எழுத இன்னும் இரண்டு வரி போதும்.

அந்த டிசம்பரில் அதே ஏஜென்சி அவரை விருதுநகருக்கு அனுப்பியது. போய்ச் சேர்ந்தால் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். கடை திறந்திருந்தது, பில் மெஷின் ஓடவில்லை. வாசலில் நின்றே மூன்று படமும் ஒரு செய்தியும் அனுப்பினார். இந்த முறை நாலு நிமிடத்தில் பதில் வந்தது: 'பாதி உண்டு மேடம். மூணு மணிக்குள்ள கரண்ட் வந்து முடிச்சுட்டா முழுசு.' அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜூஸ் கடையில் போய் உட்கார்ந்தார். கரண்ட் 2:20-க்கு வந்தது.